பெயருக்கு நடுவில் ஒரு சுழி

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மறுநாளே போன் செய்து, "யாரைக் கேட்டு எழுதினீங்க சார்?" என்பார். முன்கூட்டியே கேட்டால் சம்மதிக்க மாட்டார். இரண்டு வழியும் அடைத்துவிட்டபடியால் பெயரில்லாமலே சொல்கிறேன்.

திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். பதவிப்படி நான் அவருக்கு மேல். வயது இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் இன்ஜினியரிங் படித்தவன். அவர் நகரிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து புத்தூருக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய், அந்த இன்ஸ்டிட்யூட்டின் மூலையில் உறை போட்டு மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரில் தானாகவே கற்றுக்கொண்டு வந்தவர். இந்த வித்தியாசத்தை முதல் ஆறு மாதம் நான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நாங்கள் செய்த வேலைகளில் முக்கியமானது மாங்காய் டோக்கன். சித்தூர்ப் பக்கம் விளைகிற பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் பழக்கூழ் ஃபேக்டரிகளுக்குத்தான் போகும். சீசனில் எல்லா விவசாயிகளும் ஒரே நாளில் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தால் சாலை அடைத்துக்கொள்ளும். அதனால் இன்னாருக்கு இன்ன நாள், இன்ன ஃபேக்டரி என்று டோக்கன் போடுவார்கள். அந்தப் பட்டியலை எடுத்துத் தருவது எங்கள் நிரல். பொத்தான், படம், பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் வரி வரியாகக் கொட்டும். டோக்கன் எண், காற்புள்ளி, பெயர், காற்புள்ளி, ஊர். அவ்வளவுதான். அந்த வரிகளை ஃபேக்டரிகளின் எடைமேடையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் வாங்கிக்கொள்ளும். ஒரு வரி தவறிப்போனால் ஒரு டிராக்டர் மாங்காய் வெயிலில் நிற்கும். பறித்த காய் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் அடியில் இருப்பது குழைந்துவிடும், ஃபேக்டரிக்காரன் கையால் தொட மாட்டான்.

அவர் இந்தப் பட்டியலை அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படிப்பார். குறிகளோடு சேர்த்துப் படிப்பார். "கோவிந்தம்மா அட் ரேட் பேபி கமா நாராயணவனம்... முனுசாமி அட் ரேட் பாபு கமா பிச்சாட்டூர்..." என்று ராகம் போட்டுப் படிப்பார். அலுவலகமே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார், வரியிலிருந்து விரலையும் எடுக்க மாட்டார். அவருடைய கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கிற அம்மாள், "இந்த மேடம் கண்ணால பாக்க மாட்டாங்களா, தொட்டுத்தான் பாப்பாங்களா?" என்று தினமும் புலம்புவாள்.

அந்த 'அட் ரேட்' விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் எல்லைப்புற ஊர்களில் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம். ரெக்கார்டில் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. பட்டா பாஸ் புத்தகத்தில் இரண்டையும் எழுதி நடுவில் @ என்று ஒரு சுழி போடுவார்கள். 'என்கிற' என்று அதற்கு அர்த்தம். முனுசாமி @ பாபு என்றால் முனுசாமி என்கிற பாபு. ஊர் உலகத்துக்கு அது மெயில் முகவரியில் வரும் குறி. எங்களுக்கு அது பெயரின் ஒரு பாகம். பாஸ் புத்தகத்தில் சுழி இருந்தால் பட்டியலிலும் சுழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பெயர் சரியில்லை' என்று எடைமேடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதையாவது மாற்றலாம் என்று யார் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எதிர்ல யாரு?" அதாவது, நாம் கொடுப்பதை எதிர்ப்பக்கத்தில் வாங்கிப் படிப்பது யார், அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள். எங்கள் பட்டியலை வாங்குகிற எடைமேடைகள் மொத்தம் பதினொன்று. பதினொன்றுக்கும் அவர் நேரில் போய், ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. சொந்த லீவில் போனார்.

நான் சேர்ந்த புதிதில் பட்டியலின் கடைசியில் ஒரு வெற்று வரி வருவதைக் கண்டுபிடித்தேன். யாருக்கும் பிரயோஜனமில்லாத வரி. எடுத்துவிடலாம் என்றேன்.

"பாகாலாவுல ஒரு பிரிண்டர் இருக்குது சார். அந்த வெத்து வரி வந்தாத்தான் பேப்பரைக் கட் பண்ணும். நீங்க எடுத்துட்டீங்கன்னா அந்த ஆளு கத்திரிக்கோல் வாங்கணும்."

அடுத்த வாரம் தலைப்பு வரியில் ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்தேன். டோக்கன் என்பதற்கு ஆங்கிலத்தில் E வர வேண்டிய இடத்தில் A இருந்தது. இதிலாவது அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"தெரியும் சார். நான்தான் போட்டேன், ஏழு வருஷம் முன்னாடி. புத்தூர் ஃபேக்டரியில அந்தத் தப்பு வார்த்தையைத் தேடித்தான் பட்டியல் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கிறாங்க. இப்ப நான் திருத்திட்டா அவங்களுக்குப் பட்டியலே கிடையாது."

"அப்போ தப்பு அப்படியே இருக்கட்டுமா?"

"என் தப்பு சார், எனக்கு ஒண்ணும் வலிக்கல."

இது வேலையில் மட்டும் இருந்த குணம் என்று நினைக்க வேண்டாம். முதலாளி ஒரு நாள் மாடிப்படிக் கதவுக்கு எண் பூட்டு வாங்கி மாட்டினார். எங்கள் ஐந்து பேருக்கும் எண்ணைச் சொன்னார். மறுநாள் காலையில் நான் வரும்போது மேடம் கீழே பாத்திரக் கடை வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகாமல் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணி கேன் போடறவருக்கு யாரு நம்பர் சொன்னது?" என்றார். அந்த ஆள் பத்தரை மணிக்கு வந்தார். அதுவரை நின்று, எண்ணைச் சொல்லி, அவர் வாயால் இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் மேலே வந்தார். ஒன்றரை மணிநேர வேலை கெட்டது.

அவரால் எங்களுக்குத் தொல்லையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரு நாளில் முடிக்க வேண்டிய மாற்றத்தை நாலு மாதம் இழுப்பார். போனில் ஒவ்வொரு ஆபரேட்டரையும் பிடித்து விசாரித்து, பதில் வராதவருக்காகக் காத்திருந்து, நம் உயிரை எடுத்துவிடுவார். கோபமாகப் பேசினால் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். "இவருடன் வேலை செய்ய முடியாது" என்று முதலாளியிடம் நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். முதலாளி இரண்டு தடவையும் டீ சொன்னார்.

அப்படி ஒரு கோபத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சீசன் உச்சத்தில் ஒரு புகார் வந்தது. யாரோ ஒருவருடைய ஊர்ப்பெயருக்குள் காற்புள்ளி இருந்ததால் அவருடைய வரி மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. 'இந்தக் காற்புள்ளி பிரிப்பதற்காகப் போட்டதில்லை, பெயரோடு வந்தது' என்று எதிரில் இருக்கிற நிரலுக்குத் தெரிய ஒரு அடையாளம் வைக்க வேண்டும். அதை எஸ்கேப் செய்வது என்போம். நான் படித்த புத்தகங்களின்படி சரியான முறை, எல்லாப் பெயரையும் ஊரையும் மேற்கோள்குறிக்குள் போட்டுவிடுவது. அவர் அன்றைக்கு மதியம் மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். நான் அரைமணி நேரத்தில் முடித்து, சரிபார்த்து, அனுப்பியும் விட்டேன். திரையில் பார்க்க அழகாக இருந்தது. எதிரில் யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நாலு மாதம் இழுக்கிற வேலையை அரைமணியில் முடித்தேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சித்தூர்ச் சாலையில் உள்ள ஒரு ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது. ஒரு பெயர்கூடப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை, ஒரு டிராக்டரும் எடைமேடையில் ஏறவில்லை, முந்நூறு வண்டி நிற்கிறது, சில வண்டிகளில் காய் பறித்து மூன்று நாள் ஆகிறது என்றார்கள். அங்கே இருந்த பழைய நிரல் என்னுடைய மேற்கோள்குறியையும் பெயரின் எழுத்தாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

"பழையபடி ஆக்கிடறேன், அஞ்சு நிமிஷம்" என்றேன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவரிடம்.

"தொடாதீங்க சார்" என்றார். "போய்க்கினே பேசலாம், பஸ்ஸை பிடிங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு எடைமேடையாகப் போன் செய்தார். பாகாலா தாண்டுவதற்குள் பத்துப் பேரிடமும் பேசிவிட்டார். எட்டுப் பேர் எதையும் கவனிக்கவில்லை, அவர்களுடைய நிரல் மேற்கோள்குறியைத் தானாகவே கழற்றிக்கொண்டிருந்தது. பாகாலாக்காரரிடம் பெயர்கள் குறியோடு அச்சாகியிருந்தன, அவர் அதை நகை போட்ட பெயர்கள் என்று கிண்டல் செய்தார். சிக்கல் புத்தூரில் இருந்தது. அங்கே இருந்த ஆபரேட்டர் சுறுசுறுப்பானவர். காலை ஆறு மணிக்கே வந்து, ஒவ்வொரு பெயரிலும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டிவிடும்படி தன் பக்கத்தில் மாற்றி, வண்டிகளை ஏற்றவும் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்களா? இப்ப நீங்க பழையபடி ஆக்கினா, அவரு மேற்கோளுக்குப் பதிலா பேரோட தலையையும் வாலையும் வெட்டிடுவாரு" என்றார். "நீங்க மாத்தி இன்னும் ஒரு நாள்கூட ஆவல. அதுக்குள்ள அதை நம்பி ஒருத்தரு பொழைச்சிக்கினு இருக்காரு."

"அவரையும் மாத்தச் சொல்லிடலாமே?"

"நமக்காக ஒரு தடவை ஓடிட்டாரு சார். ரெண்டாவது தடவை அவரை ஓட வெக்கறது நியாயமில்ல."

எனக்கு அப்போது அவர் மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். முந்நூறு வண்டி நிற்கும்போது ஒரு ஆளின் சௌகரியத்தைப் பார்க்கிறாரே என்று. அவர் என் மடியில் லேப்டாப்பை வைத்து என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். எதையும் சேர்க்காமல் கட்டளையைத் தட்டினால் நிரல் பழைய பட்டியலையே தர வேண்டும், ஒரு எழுத்துகூட மாறாமல். காற்புள்ளி உள்ள பெயருக்கு மட்டும் மேற்கோள்குறி, ஏனென்றால் அந்த வரி ஏற்கெனவே உடைந்த வரி, அதைத் தொடுவதால் யாருக்கும் புதிதாக எதுவும் உடையாது. புத்தூருக்கு மட்டும் தனியாக ஒரு சொல்: அதைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டினால் இன்று காலையில் தந்த மாதிரியே மேற்கோள்குறியோடு தரும். எடுத்து அனுப்புவது நாங்கள்தான் என்பதால் புத்தூர்க்காரர் எதையும் தொட வேண்டாம். பேசிக்கொண்டே வந்ததில் சித்தூர் வந்துவிட்டது.

ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றன. மாங்காய் வாசனை இனிப்பிலிருந்து புளிப்புக்கு மாறத் தொடங்கியிருந்தது. பின்வாசல் வழியாக நாங்கள் நுழையும்போது புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என் தோளில் இருந்த பையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"ஏம்ப்பா, கம்ப்யூட்டருக்காரங்களா? லைன் எப்ப நவுரும்?"

"பத்து நிமிஷம்மா."

"காத்தால வந்தவனும் பத்து நிமிசம்னான். முந்தாநேத்து மரத்துலேர்ந்து கோஞ்ச காய்ப்பா. கீழ கையை வுட்டா கொழகொழங்குது. இன்னைக்கு ஏறலைன்னா ரோட்டோரம் கொட்டிட்டுப் போவ வேண்டியதுதான். பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான், நான்தான் மொத வாட்டி வண்டி கூட வந்தேன்."

நான் மறுபடியும் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவினேன். ஒரு சுமை மாங்காய்க்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எடைமேடை அறையில் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசுவார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய வடிவத்தில் பட்டியலைக் கொடுத்தோம். பெரும்பாலான பெயர்கள் உள்ளே போயின. சுழி வைத்த பெயர்கள் மட்டும் போகவில்லை. காரணம் எனக்குப் புரிந்தது. அந்த நிரலை எழுதிய ஆள், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, விவரங்களைப் பிரித்து வைக்க மனிதர் பெயரில் வரவே வராத எழுத்து எது என்று யோசித்து, @ என்று முடிவு செய்திருக்கிறார். எங்கள் காற்புள்ளிகளை எல்லாம் @ ஆக்கித்தான் உள்ளே வாங்கும். எங்கள் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தால் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டார்.

"இது எப்பவும் இருக்கற தொல்லைதானே? நான் வந்து பாத்த அன்னிக்குச் சுழிப் பேரு ஒண்ணும் வரல. இத்தனை நாளா என்ன பண்ணீங்க?" என்று அவர் ஆபரேட்டரைக் கேட்டார்.

சுழிப் பெயர்களை மட்டும் தாளைப் பார்த்துக் கையால் அடித்துக்கொள்வாராம். தினம் ஐந்தாறு பெயர் வரும், சமாளித்துவிடுவார். இன்றைக்கு நகரிப் பக்கத்துக் கிராமங்களுக்கு முறை என்பதால் நாற்பதுக்கு மேல். "நா வல்ல காது மேடம்" என்று கையை விரித்தார், என்னால் ஆகாது என்று.

நான் ஒரு யோசனை சொன்னேன். சுழிக்குப் பதிலாக ஒரு இடைவெளி விட்டால் எல்லாம் உள்ளே போய்விடும்.

"பாஸ் புத்தகத்துல இடைவெளியா இருக்குது? அவங்க பேரைத் திருத்த நாம யாரு சார்?" என்றார். பிறகு ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எப்பவும் பண்ற மாதிரி ஒரு பேரை அடிச்சுக் காட்டுங்களேன்."

சுழிப் பெயர்களில் அடுத்து முறை வரவேண்டிய டோக்கனை ஆபரேட்டர் எடுத்தார். தேசம்மா @ கன்னியம்மா, ஊர் நகரிக்குப் பக்கம். ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். சுழி வந்த இடத்தில் விசையைப் பட் பட் என்று இரண்டு தடவை தட்டினார். திரையில் ஒரு சுழிதான் நின்றது.

"ஏன் ரெண்டு தடவை அடிச்சீங்க?"

"ஆ கீ பாகலேது மேடம். ரெண்டு சார்லு கொடிதேனே ஒகட்டி படுதுந்தி." அந்த விசை சரியில்லை, இரண்டு தடவை அடித்தால்தான் ஒன்று விழுகிறது என்றார். பிறகு தமிழில் வருத்தப்பட்டார்: "மூணு கீபோர்டு மாத்தியாச்சு மேடம். எல்லாத்துலயும் அந்த ஒரு கீ மட்டும் கெட்டுப்போவுது."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று கீபோர்டிலும் ஒரே விசை கெட்டுப்போகுமா? அந்த நிரலை எழுதிய ஆள் ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார். இரண்டு சுழி சேர்ந்து வந்தால் அது பிரிப்பான் இல்லை, பெயரில் உள்ள ஒற்றைச் சுழி. யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார். இந்த ஆபரேட்டர் அதைக் கண்டுபிடித்து, விசையின் மேல் பழியைப் போட்டு, வருஷக்கணக்காகச் சரியாகவே செய்துகொண்டிருந்தார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் பார்க்காத சிரிப்பு. ஆபரேட்டருக்குக் கோபம் வருவதற்குள், "நீங்கதான் சார் கெட்டிக்காரரு, எங்க எல்லாரையும் விட" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். இந்த எடைமேடை கேட்டால் மட்டும் பெயரில் உள்ள சுழியை இரட்டிக்கும். மற்ற பத்துப் பேருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பட்டியலை ஓட்டினோம். முந்நூறு பெயரும் உள்ளே போயின. திரையில் ஒவ்வொரு சுழியும் பாஸ் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஒற்றையாக நின்றது. ஆபரேட்டர் மைக்கை இழுத்து ஊதினார். முதல் டிராக்டர் எடைமேடையில் ஏறியது. நான் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"தேசம்மா!"

மைக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை.

"தேசம்மா!"

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வாடகை டிராக்டர்கள் என்பதால் வண்டி எண்ணை வைத்து யாரையும் தேட முடியாது. டிரைவர்கள் பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசிக்குப் போனால் இன்றைக்கு முறை வராது.

"தேசம்மா!"

ஆபரேட்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போக விரலை நீட்டினார். மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பேருல ரெண்டு இருக்குதே, ஒண்ணைத்தானே கூப்பிட்டீங்க?"

"அட் ரேட்னு மைக்கில சொன்னா நவ்வுதாரு மேடம்." சிரிப்பார்களாம். அதனால் சுழிக்கு முன்னால் உள்ளதோடு நிறுத்திக்கொள்வாராம்.

மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். செருப்பு ஒன்று வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. வெயிலில் டிராக்டர்களுக்கு நடுவே நின்று, அலுவலகத்தில் ஒரு தடவைகூட உயராத குரலில் கத்தினார். "கன்னியம்மா! யாரும்மா இங்க கன்னியம்மா?"

புளியமரத்தடியிலிருந்து அந்தப் பெண்மணி எழுந்தார். என்னிடம் லைன் எப்போது நகரும் என்று கேட்ட அதே பெண்மணி.

"நான்தான். இன்னாம்மா?"

"மூணு வாட்டி கூப்டாங்களே, காதுல வுழலியா?"

"யாரையோ தேசம்மான்னு கூப்ட்டுக்கினு இருந்தாங்க. அது பொஸ்தகத்துல எழுதின பேரு. என்னை யாரும்மா அப்படிக் கூப்புடறாங்க? என் பேரு கன்னியம்மா."

"பட்டியல்ல ரெண்டு பேரும் சரியாத்தான்மா இருந்துச்சு..."

"பட்டியல்ல இருந்தா? நானும் காத்தாலேர்ந்து இங்கதான் குந்திக்கினு கீறேன். உன் பேரு இன்னான்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

யார் எதைக் கேட்டாலும் கையில் பதிலோடு நிற்கிற மனுஷி, வெயிலில் ஒற்றைக் காலில் செருப்போடு நின்று, டிராக்டர் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். பதினொரு ஆபரேட்டர்கள் வீட்டு விசேஷம் வரைக்கும் அவருக்குத் தெரியும். அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒரு விவசாயியிடமும் அவர் பேசியதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவருக்கு என்னைவிட முன்னால் உறைத்திருக்க வேண்டும்.

"கேக்கலம்மா" என்றார். "தப்புதான்."

"சரி வுடு, இப்பத்தான் கேட்டியே" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா டிரைவரைத் தேடிக்கொண்டு ஓடினார். வண்டி மேடையில் ஏறியது. காய் பார்க்கிறவர் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து இரண்டு காயை எடுத்து அமுக்கினார். இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று சொல்லி, உள்ளே போகச் சொன்னார்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். மூன்றரை மணிக்கு பஸ் இருந்தது. மேடம் வரவில்லை. எடைமேடை அறைக்குள் போய் ஆபரேட்டரிடம் கையை நீட்டினார். ஆபரேட்டர் ஒன்றும் புரியாமல் மைக்கைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மேடம் திரையில் அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"முனுசாமி என்கிற பாபு" என்றார் மைக்கில். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. பிறகு விரலை எடுக்காமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தூரத்தில் ஒரு டிராக்டரின் நிழலில் படுத்திருந்த ஆள் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது. "கோவிந்தம்மா என்கிற பேபி." நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பது பெயருக்கு மேல் அவரே கூப்பிட்டார். ஒவ்வொரு பெயரையும் முழுதாகக் கூப்பிட்டார், ஆள் எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அன்றைக்குக் கூப்பிட்ட அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள்.